அரைக்க முதல் ஒரு செடியை எடுத்து வையுங்கள்: மூலிகை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன கிழமை ஒரு மாணவி ஒரு கிலோ கீழாநெல்லித் தூளோடு வந்தார். "எல்லாம் நானே பிடுங்கிக் காயவைத்து அரைச்சது சேர்" என்றார். அரைக்க முதல், இது இன்ன இனம் என்று பிறகு காட்டச் சான்றுச் செடியாக ஒன்றையாவது எடுத்து வைத்தீர்களா என்று கேட்டேன். இல்லை. இதே கேள்விக்கு இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொன்னேன்.

குடுவை கழுவுவது, லேபல் ஒட்டுவது எல்லாவற்றையும் விட்டுவிடுகிறேன். இரண்டு தரம் ஏச்சு வாங்கினால் அவை சரிவந்துவிடும்.

சான்றுச் செடி இல்லாமல் அரைப்பது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும்.

நாம் கீழாநெல்லி என்று பிடுங்குவது ஒரே இனம் அல்ல. திருகோணமலை நிலாவெளிப் பக்கம் ஒரு வரம்பில் குந்தியிருந்து பாருங்கள். ஃபில்லாந்தஸ் அமாரஸ், ஃபில்லாந்தஸ் யூரினேரியா இரண்டுக்கும் இலைக்குக் கீழேதான் காய். அமாரஸின் காய் வழுவழுப்பாகச் சின்னக் காம்பில் தொங்கும். யூரினேரியாவின் காய் சொரசொரப்பு. காம்பே இல்லாததுபோல் ஒட்டியிருக்கும், தண்டும் பெரும்பாலும் சிவந்திருக்கும். அரைத்தபிறகு இரண்டும் வெறும் பச்சைத் தூள்.

அப்போது என்னிடம் இரண்டு சாக்கு இருந்தன. ஒன்று நான் பிடுங்கியது, மற்றது பலர் சேர்த்துத் தந்தது. மெத்தனோலில் ஊறவைத்து, சாற்றிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரிக்கும் மென்படலத் தட்டில் ஓடவிட்டேன். முதல் சாக்கில், ஃபில்லாந்தின் என்ற வேதிப்பொருளின் புள்ளி தெளிவாக வந்தது. இரண்டாவதில் அந்த இடம் வெறுமை. வேறு இனமா, காயவைத்த பிழையா? பார்க்கச் செடி இல்லை. நாலு மாத வேலை போயிற்று. வரம்பெல்லாம் காய்ந்து கிடந்ததால் வாடை மழை வரும்வரை காத்திருந்தேன். மிச்சத்தை எழுதி அனுப்பியபோது, சஞ்சிகையிலிருந்து வந்த முதல் கேள்வியே சான்றுச் செடியின் எண்தான்.

1988இல் சென்னை ஆய்வாளர்கள், அமாரஸ் கொடுத்ததில் ஹெபடைட்டிஸ் பி நோயாளிகள் பலருக்குப் பலன் கிடைத்ததாக லான்செட் மருத்துவ சஞ்சிகையில் எழுதினார்கள். பிற்காலச் சோதனைகள் பலவற்றில் அந்தப் பலன் வரவில்லை. இப்படி முடிவுகள் முரண்படும்போது முதலில் எழும் கேள்வி, இரண்டு பேரும் ஒரே செடியைத்தான் கொடுத்தார்களா என்பதே. அதற்கு விடை, எடுத்து வைத்த செடியில்தான் இருக்கும்.

வேலை பெரிதல்ல. பூவும் காயும் உள்ள செடியை வேரோடு எடுத்து, பத்திரிகைத் தாளுக்குள் விரித்துப் பாரம் வையுங்கள். நம் கடற்கரை ஈரத்துக்குத் தாளைத் தினமும் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். இடம், திகதி, பிடுங்கியவர் பெயரை அன்றே எழுதுங்கள். காய்ந்ததும் தடித்த தாளில் தைத்து, உலர்செடிகளைச் சேர்த்து வைக்கும் பேராதனைத் தேசிய ஹெர்பேரியத்தில் இனத்தை உறுதிப்படுத்துங்கள். ஒவ்வொரு சாக்குக்கும் தனிச் செடி வேண்டும்.

தகரக் கூரையில் காயவைப்பது

நிழலில், காற்றோட்டத்தில் காயவையுங்கள். சூடு எதைக் கெடுக்கும் என்று முன்கூட்டியே தெரியாது. மலேரியாவுக்கான ஆர்டெமிசினினைத் தேடிய சீன ஆய்வாளர் டூ யூயூ, செடியைத் தண்ணீரில் கொதிக்கவைப்பதை விட்டு, ஏறத்தாழ 35 பாகையில் கொதிக்கும் ஈதருக்கு மாறியபிறகுதான் வழி திறந்தது. 2015இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

மெத்தனோலை மூடிய அறையில் ஆவியாக்குவது

கண் போகும். உயிரும் போகும்.

அனுமதியில்லாமல் பிடுங்குவது

நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவு தேசியப் பூங்கா. அங்கிருந்து ஓர் இலைகூட வேண்டாம்.