லெகோ பந்து இயந்திரம்: முதல் மாட்யூலைக் கட்டுவது எப்படி?

கூடையில் பந்து விழும். மோட்டார் அதை மேலே தூக்கும். சரிவில் உருண்டு பக்கத்து இயந்திரத்தின் கூடையில் போய் விழும், அங்கிருந்து அந்த இயந்திரம் தூக்கிக்கொள்ளும். லெகோ ஆர்வலர்கள் இதை ‘கிரேட் பால் கான்ட்ராப்ஷன்’, சுருக்கமாக ஜிபிசி என்பார்கள். 2005இல் அமெரிக்காவில் நடந்த பிரிக்ஃபெஸ்ட் சந்திப்பில் தலைகாட்டிய விளையாட்டு இது. இந்த வரிசையில் ஒவ்வோர் இயந்திரமும் ஒரு மாட்யூல். ஒருவரையொருவர் பார்த்தே இராதவர்கள் தனித்தனியாகக் கட்டியவை ஒரே மேசையில் சேர்ந்து ஓடும். அதனால் புதியவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: நடுவில் என்ன வித்தை என்பதை அப்புறம் யோசியுங்கள். பந்து நுழையும் வாயையும் வெளியேறும் வாயையும் முதலில் கட்டுங்கள்.

1. கூடை

எல்லோரும் பின்பற்றும் ஜிபிசி அளவுப்படி, கூடையின் வெளியளவு 10க்கு 10 குமிழ் (லெகோ கட்டையின் மேலுள்ள புடைப்பு), உள்ளளவு 8க்கு 8. மேல் விளிம்பு தரையிலிருந்து 10 கட்டை உயரம். ஒரு குமிழுக்கு 8 மி.மீ., ஒரு கட்டைக்கு 9.6 மி.மீ. என்று கணக்கு வைத்தால் 80 மி.மீ. அகலம், 96 மி.மீ. உயரம். பந்து என்பது லெகோவின் சிறிய கால்பந்து, கூடைப்பந்துதான். விட்டம் சுமார் 14 மி.மீ. சராசரியாக வினாடிக்கு ஒரு பந்து போக வேண்டும். மொத்தமாகச் சேர்த்து அனுப்புவதானால் ஒரு தடவைக்கு 30க்கு மேல் கூடாது.

கூடையின் தரையை ஒரு மூலைப் பக்கம் சாய்த்து, அங்கே தூக்கும் கை உரசாமல் நுழையும் அகலத்தில் ஒரு பள்ளம் விடுங்கள். பள்ளத்தின் அடிப்பக்கம் திறந்தே இருக்கட்டும்.

2. மோட்டாரும் பல் சக்கரமும்

எல்லாம் புதிதாக வாங்க வேண்டியதில்லை. பழைய பொருள்களை விற்கும் கேரோசல் தளத்தில், பல் சக்கரமும் பீமும் கொண்ட பழைய லெகோ டெக்னிக் தொகுப்புகள் கிடைக்கும். லெகோவின் பழைய மோட்டார் வரிசையான பவர் ஃபங்க்ஷன்ஸின் எம் மோட்டாரும், ஆறு ஏஏ பேட்டரி போடும் பெட்டியும் தொடக்கத்துக்குப் போதும். ஆப், புளூடூத் எதுவும் வேண்டாம். சுவிட்சைத் தட்டினால் ஓடும்.

எம் மோட்டார் சுமை இல்லாமல் நிமிடத்துக்குச் சுமார் 400 சுற்று சுற்றும். மோட்டாரில் 8 பல் சக்கரம், அது 40 பல் சக்கரத்தைச் சுழற்றினால் வேகம் ஐந்தில் ஒன்றாகி 80க்கு வரும். சுமை ஏறியதும் 60ஐ ஒட்டி நிற்கும், அதாவது வினாடிக்கு ஒரு சுற்று. சார்ஜ் செய்யும் பேட்டரி ஒன்று 1.2 வோல்ட்தான். ஆறு போட்டாலும் 7.2 வோல்ட், சாதாரண பேட்டரியில் 9. வேகம் குறைவதை உடனே பார்ப்பீர்கள்.

3. தூக்கும் கை

வரிசையாகத் துளைகள் உள்ள நீளச் சட்டம்தான் பீம். 15 துளை பீம் ஒன்று, 11 துளை பீம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே ஒரு குமிழ் இடைவெளி விட்டு, கூடைப்பக்க முனைகள் சமமாக இருக்கும்படி இணையுங்கள். அந்த முனை கையின் தலை, எதிர்முனை வால். பந்து இந்த இடைவெளியின் மேல் தண்டவாளத்தில் போவது போல உருளும். நீள பீமில் வாலிலிருந்து 5ஆவது துளையில் அச்சைச் செருகி, அச்சு 11 கட்டை உயரத்தில் இருக்கும்படி சட்டத்தில் பொருத்துங்கள். குட்டை பீமின் முதல் துளையும் அதே அச்சில்தான் வரும். நீள பீமின் வால் முனையை ஓர் இணைப்புக் கம்பியால் 40 பல் சக்கரத்தோடு சுழலும் கிராங்கில் (சுழற்சியை மேலும் கீழுமான அசைவாக்கும் சிறு கையில்) மாட்டுங்கள். கிராங்கின் ஆரம் 2 குமிழ்.

அச்சுக்கு ஒரு பக்கம் 4 துளை, மறுபக்கம் 10 துளை என்பதால் வால் 32 மி.மீ. அசைந்தால் தலை அதைப்போல இரண்டரை மடங்கு, 80 மி.மீ. ஏறி இறங்கும். தலை கீழே இருக்கும்போது பள்ளத்தில் பந்தை ஏந்தும். மேலே போனதும் பந்து தானாகவே அச்சை நோக்கி உருண்டு வந்துவிடும். அச்சுக்கு அப்பால், குட்டை பீம் பக்கமாகத் தள்ளி, சரிவுப்பாதையை ஆரம்பியுங்கள். நடுவில் வைத்தால் நீள பீமின் வால் மேலே வரும்போது அதில் இடிக்கும். பாதையின் முனை பக்கத்துக் கூடைக்கு மேல் நீண்டிருக்க வேண்டும்.

ஒரு விஷயம் பலருக்குத் தோன்றாது. கை மேலே போயிருக்கும் அந்த அரை வினாடியில் அடுத்த பந்து கைக்கு அடியில் புகுந்துவிடும். கை இறங்கி அதன்மேல் முட்டி நிற்கும். அதனால் தலையின் கீழே கட்டைகளைத் தொங்கவிட்டு ஒரு திரை மாதிரி கட்டுங்கள். கை ஏறும்போது திரையும் ஏறிப் பள்ளத்தை அடைத்துக்கொள்ளும்.

4. சிக்கலை எடுப்பது

கையால் சுழற்றிப் பார்த்துவிட்டு மோட்டாரைப் போடுங்கள். பெரும்பாலும் சிக்கல் கூடையில்தான் வரும். பள்ளத்தின் வாயில் இரண்டு பந்துகள் ஒன்றையொன்று முட்டுக்கொடுத்து வளைவுபோல நின்றுவிடும். பின்னால் எத்தனை பந்து இருந்தாலும் நகராது. இருபுறமும் ஒரே சரிவாக இருந்தால் இது அடிக்கடி நடக்கும். ஒரு பக்கச் சரிவைக் கூட்டுங்கள், அல்லது ஒவ்வொரு சுற்றிலும் கை கூடைச் சுவரை லேசாகத் தட்டும்படி ஒரு பின்னை (துளைகளை இணைக்கும் சிறு முளையை) நீட்டிவிடுங்கள். சுழலும் இடங்களில் கறுப்புப் பின் வேண்டாம், அது இறுக்கிப் பிடிக்கும். சாம்பல் நிறப் பின் வழுவழுவென்று சுற்றும்.

அரைமணி நேரம் தொடர்ந்து ஓட விடுங்கள். கீழே ரப்பர் விரிப்பு போடுவது நல்லது. மேல் வீட்டில் கோலிக்குண்டு உருளும் மர்மச் சத்தத்தைப் பற்றிப் பேசாத வீவக (சிங்கப்பூர் வீட்டுவசதிக் கழக) அடுக்குமாடிக் குடியிருப்பு இல்லை. அந்தக் கதைக்கு நீங்கள் ஆதாரம் ஆகிவிட வேண்டாம்.

5. பகிர்வது

பள்ளி விடுமுறையில் சமூக மன்றத்தில் ஓர் அறை கிடைத்தால் நண்பர்களின் மாட்யூல்களை வரிசையாக அடுக்கலாம். பந்து எந்தத் திசையில் ஓடும், கூடை மேசை விளிம்பிலிருந்து எவ்வளவு உள்ளே என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எம்ஆர்டி ரயிலில் தூக்கிப்போவதற்கு வசதியாக, சரிவுப்பாதையைத் தனியே கழற்றும்படி இரண்டு பின்களில் மட்டும் நிறுத்துங்கள்.

நேரில் வர முடியாதவர்களுக்கு, லெகோ உதிரிபாகச் சந்தைத் தளமான பிரிக்லிங்கின் ஸ்டூடியோ மென்பொருளில் வரைந்து கோப்பாகக் கொடுங்கள். இலவசம்தான், உதிரிபாகப் பட்டியலையும் அதுவே போட்டுத்தரும். கூடவே ஒரு காணொளி எடுங்கள், இசை சேர்க்காமல். பல் சக்கரம் எங்கே உரசுகிறது என்று கட்டுபவர் காதால்தான் கண்டுபிடிப்பார்.