புதிதாகக் குடியேறியவருக்கு ஏற்ற வழிகாட்டியை அமர்த்துவது எப்படி?

குடிபெயர்ந்து வந்தவர் வேலைக்கு உதவி கேட்டு முதலில் போவது சொந்தக்காரரிடம். அவருக்குத் தெரிந்ததோ கிடங்கு வேலை, கடை வேலை. 1973-ல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் வெளியிட்ட ஆய்வில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் சுமார் 17 சதவீதம் பேரே அந்த ஆளை அடிக்கடி சந்தித்து வந்தவர்கள். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும் ஆள்தான் தகவல் தந்திருக்கிறார். அப்படிப்பட்ட அறிமுகங்களை உருவாக்கித் தருவதே வழிகாட்டியின் வேலை. அவரே வேலை வாங்கித் தருவார் என்று நம்பவிட்டால் இரண்டாம் மாதமே கசப்புதான்.

ஜோடி சேர்க்கும்போது தாய்மொழியைவிடத் தொழிலைப் பாருங்கள். கணக்காளருக்குக் கணக்காளர், அதிலும் தணிக்கையா, சம்பளப் பட்டியலா என்பதுவரை விசாரியுங்கள். பெரிய பதவியில் இருப்பவர் கவர்ச்சியாகத் தெரிவார். ஆனால் கீழ்மட்டத்தில் இன்று ஆள் எடுக்கும் முறை அவருக்குத் தெரியாமலிருக்கலாம். ஐந்தாறு வருட அனுபவம் உள்ளவரே பெரும்பாலும் பொருத்தம். மருத்துவம், செவிலியர் பணி போல உரிமம் தேவைப்படும் தொழிலென்றால், உரிம அமைப்பிடம் என்னென்ன தேர்வுகள் என்று கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

நான்கு மாதம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் போதும். வயிற்றுப்பாட்டுக்கு ஷிப்ட் வேலை பார்ப்பவரானால் அந்த ஷிப்டை ஒட்டியே நேரம் குறியுங்கள். வழிகாட்டி செய்யமாட்டாதவற்றையும் (கடன் தருவது, விண்ணப்பம் நிரப்புவது) முதல் நாளே எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

முதலில் ரெஸ்யூமே. 'மேற்பார்வையாளர்' என்ற பதவிப்பெயர் ஊருக்கு ஊர் வேறு அர்த்தம் தரும். ஆகவே எத்தனை பேரை, என்ன மென்பொருளில், எவ்வளவு வேலையை என்று எண்ணாக்கச் சொல்லுங்கள். வழிகாட்டி குறிப்பு மட்டும் எழுதட்டும், திருத்துவது வந்தவர் கையால் நடக்கட்டும். அடுத்தவர் எழுதிய வாக்கியம் நேர்காணலில் குறுக்குக்கேள்வி வந்ததும் காலை வாரிவிடும்.

மூன்றாம் சந்திப்பிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு அறிமுகமாவது கிடைக்க வேண்டும். அறிமுகமானவரிடம் 20 நிமிடப் பேச்சு; வேலை கேட்கக்கூடாது. அன்றாட வேலை என்ன, எந்தத் திறமைக்குத் தட்டுப்பாடு, இன்னும் யாரிடம் பேசலாம் என்று கேட்க வேண்டும். மறுநாளுக்குள் நன்றிக் கடிதம்.

மாதிரி நேர்காணல் இரண்டு நடத்துங்கள், இரண்டாவதை முன்பின் தெரியாத ஒருவரைக்கொண்டு. தற்பெருமை கூடாதென்று வளர்ந்தவர்கள் தாம் தனியாகச் செய்ததைக்கூட 'நாங்கள் செய்தோம்' என்பார்கள். கேட்பவருக்கு இவருடைய பங்கு தெரியாமலே போகும். 'நான்' என்று சொல்ல வாய் பழக வேண்டும்.

மூன்றாம் வாரம், ஜோடி சேர்த்த ஒருங்கிணைப்பாளர் வழிகாட்டி, வந்தவர் இருவரையும் தனித்தனியே அழைக்க வேண்டும். "எப்படிப் போகிறது?" என்று கேட்டால் மரியாதைக்கு "நல்லாப் போகுது" என்றுதான் பதில் வரும். கடைசியாகச் சந்தித்த தேதியையும் தந்த வேலையையும் கேளுங்கள். காரணமில்லாமல் இரண்டு சந்திப்பு தவறியிருந்தால் வழிகாட்டியை மாற்றிவிடுங்கள்.

வேலை கிடைத்த மூன்றாம் மாதம் வந்தவரை மறுபடி அழையுங்கள். கிடைத்த வேலை அவருடைய சொந்தத் தொழிலாக இல்லாவிட்டால் அவர் கோப்பை மூடாதீர்கள்.