வீட்டு சர்வரில் இருக்கும் பாட்டை மொபைலில் கேட்பது எப்படி?

ஒரு பழைய லேப்டாப்பிலோ ராஸ்பெரி பையிலோ நாவிட்ரோம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டுகளை அடுக்கிக் கொடுக்கும் இலவச ஓப்பன் சோர்ஸ் சர்வர் அது. இனி மொபைல் பக்கம் போவோம். புதியவர்கள் எந்த ஆப் நல்லது என்று தேடியே களைத்துப்போகிறார்கள். ஆனால் இடறுவதென்னவோ முகவரியில்தான்.

1. ஆப். சப்சானிக் என்ற இன்னொரு பாட்டு சர்வரோடு பேசத் தெரிந்த எந்த ஆப்பும் நாவிட்ரோமுக்குப் பொருந்தும். ஆண்ட்ராய்டில் அல்ட்ராசோனிக், எஃப்-டிராய்ட் என்ற ஓப்பன் சோர்ஸ் ஆப் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஐபோனில் ஆம்பர்ஃபி. காசு கொடுக்கத் தயாரென்றால் ஆண்ட்ராய்டில் சிம்ஃபோனியம் பாருங்கள், தோற்றம் அருமை.

2. முகவரி. மொபைலை வீட்டு வைஃபையில் போட்டுவிட்டு, ஆப்பில் சர்வரின் ஐ.பி.யையும் (வீட்டு நெட்வொர்க்கில் அதன் எண் முகவரி) 4533 என்ற போர்ட்டையும் (நாவிட்ரோமுக்கான வாசல் எண்) கொடுங்கள். உதாரணமாக 192.168.1.20:4533. முன்னால் எச்.டி.டி.பி. மட்டும் போதும், பழக்க தோஷத்தில் கடைசியில் எஸ் சேர்த்தால் இணையாது. பெயரும் பாஸ்வேர்டும் பிரவுசரில் நாவிட்ரோமைத் திறக்கக் கொடுப்பவையேதான். கரண்ட் போய் வந்தால் ஐ.பி. மாறிவிடலாம் என்பதால் ரவுட்டரில் சர்வருக்கு ஒரே ஐ.பி.யை ஒதுக்கி வையுங்கள்.

3. வெளியிலிருந்து. வாசலைத் தாண்டினால் இந்த முகவரி செல்லாது. பல பிராட்பேண்ட் இணைப்புகளில் நமக்கென்று தனிப் பொது ஐ.பி. தருவதில்லை, ஆகவே ரவுட்டரில் போர்ட் திறந்தும் பயனில்லை. திறக்க முடிந்தாலும் நான் திறக்கச் சொல்லமாட்டேன். சர்வரிலும் மொபைலிலும் டெயில்ஸ்கேல் (இரண்டையும் இணையம் வழியே தனியாகப் பிணைக்கும் வி.பி.என்.) நிறுவி, இரண்டிலும் ஒரே கணக்கில் நுழையுங்கள். சர்வருக்கு 100 என்று தொடங்கும் ஒரு முகவரி கிடைக்கும். ஆப்பில் பழைய ஐ.பி.க்குப் பதில் அதைப் போடுங்கள். போர்ட் அதே 4533. வைஃபையை அணைத்துவிட்டு ஒரு பாட்டைப் போட்டுப் பாருங்கள். ஆண்ட்ராய்டில் ஒரு நேரத்தில் ஒரு வி.பி.என்.தான் ஓடும், அலுவலக வி.பி.என். இருந்தால் அதை முதலில் நிறுத்துங்கள்.

4. டேட்டா. சிடியிலிருந்து தரம் குறையாமல் எடுத்த ஃப்ளாக் கோப்பில் ஒரு மணி நேரக் கச்சேரி 300 எம்.பி.யைத் தாண்டும். அதையே 128 கேபிபிஎஸ் பிட்ரேட்டுக்கு (வினாடிக்கு வரும் டேட்டாவின் அளவு) சுருக்கி வாங்கினால் 58 எம்.பி.க்குள் அடங்கும். அல்ட்ராசோனிக் அமைப்புகளில் மொபைல் டேட்டாவுக்கும் வைஃபைக்கும் தனித்தனி பிட்ரேட் வரம்பு உண்டு. மாற்றித் தரும் வேலை சர்வருடையது. அதற்கு ஒலிக் கோப்புகளை மாற்றும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருள் தேவை. நாவிட்ரோமை டாக்கரில் (மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே பொட்டலமாக ஓட்டும் முறை) போட்டிருந்தால் அது கூடவே வந்திருக்கும். சென்னையில் சின்னமலை தாண்டி மெட்ரோ சுரங்கத்துக்குள் இறங்கும்போது பாட்டு திக்கித் திணறினால், வேண்டியதை வீட்டிலேயே 'பின்' செய்து மொபைலில் இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

5. டேக், அதாவது பாட்டுக் கோப்புக்குள் எழுதியிருக்கும் பாடகர், ஆல்பம் போன்ற விவரம். நம்மூர்ப் பாட்டுக்கே உரிய தலைவலி இது. ஒரு படத்தில் ஐந்து பாட்டு, ஐந்து பாடகர்கள். 'ஆல்பம் ஆர்டிஸ்ட்' காலியாக இருந்தால் ஒரே படம் ஐந்து ஆல்பமாகச் சிதறிக் கிடக்கும். கணினியில் டேக் திருத்தும் கிட்3 மென்பொருள் கொண்டு படத்தின் எல்லாப் பாட்டுக்கும் அங்கே இசையமைப்பாளர் பெயரைப் போடுங்கள். எழுத்துக்கு எழுத்து ஒரே மாதிரி இருக்கட்டும். இனிஷியலுக்குப் பின் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் அவர் வேறு ஆளாகிவிடுவார். பிறகு நாவிட்ரோமில் ஒருமுறை ஸ்கேன் கொடுங்கள்.

திரையை அணைத்ததும் பாட்டு நின்றால் சர்வரைச் சந்தேகிக்க வேண்டாம். மொபைலின் பேட்டரி அமைப்பில் அந்த ஆப்புக்கும் டெயில்ஸ்கேலுக்கும் கட்டுப்பாட்டை நீக்குங்கள்.