கூலர்களை ஒப்பிடும்போது நம்மை ஏமாற்றும் எண்கள்

"இந்தக் கூலரில் 74 டிகிரி, அந்தக் கூலரில் 80. அப்போ முதலாவதுதானே நல்லது?" கம்ப்யூட்டர் ப்ராசசரை ஓவர்கிளாக் செய்ய, அதாவது அதற்கு நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி ஓட்டத் தொடங்கிய பலரும், அதைக் குளிர்விக்கும் கூலரைப் பற்றி இப்படித்தான் கேட்கிறார்கள். பதில் சொல்லும் முன் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அப்போது அறை எத்தனை டிகிரியில் இருந்தது?

கூலரின் உலோகப் பகுதியான ஹீட்சிங்க், ப்ராசசரின் சூட்டை வாங்கி அறைக் காற்றிடம் கொடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. எனவே அறையின் சூட்டுக்கு மேல் எத்தனை டிகிரி ஏறியது என்பதை வைத்துத்தான் அதை மதிப்பிட வேண்டும். 22 டிகிரி அறையில் 74 என்றால் ஏற்றம் 52. 30 டிகிரி அறையில் 80 என்றால் ஏற்றம் 50 மட்டுமே. தோற்றதாக நினைத்த கூலர்தான் ஜெயித்திருக்கிறது! காலையில் ஒன்றையும் மதியத்தில் இன்னொன்றையும் சோதித்துவிட்டு, வெயிலின் பழியைக் கூலர்மேல் போடக் கூடாது. ஃபேன் காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் ஒரு தெர்மாமீட்டரை வைத்து, சோதனை முடியும்வரை அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எத்தனை வாட் வெப்பம் என்று பார்க்காமல் விடுவது. ப்ராசசர் வெளியிடும் வெப்பம் அதன் வேகத்துக்கு நேர்விகிதத்திலும், வோல்டேஜின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 4.0 கிகாஹெர்ட்ஸ், 1.20 வோல்ட்டில் ஓடியதை 4.6 கிகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட்டுக்கு ஏற்றினால் வேகம் 15 சதவீதம்தான் கூடும். வெப்பமோ சுமார் 45 சதவீதம் கூடிவிடும். சிப்புக்குள் வீணாகக் கசியும் மின்னோட்டத்தையும் சேர்த்தால் இன்னும் அதிகம். அதனால் மதர்போர்டில் வோல்டேஜை 'ஆட்டோ'வில் விட்டுவிட்டு ஒப்பிடுவது பயனற்றது. வோல்டேஜையும் வேகத்தையும் ஒரே அளவில் நிறுத்துங்கள். பிறகு அறைக்கு மேல் ஏறிய டிகிரியை வாட்டால் வகுத்துப் பாருங்கள். 130 வாட்டுக்கு 52 டிகிரி ஏறினால் ஒரு வாட்டுக்கு 0.4 டிகிரி. இந்த எண் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது.

பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கை இதற்கு நம்ப வேண்டாம். இன்டெலின் கோர் ஐ9-12900கே ப்ராசசருக்கு அடிப்படை அளவு 125 வாட், தானாகவே வேகத்தைக் கூட்டும் டர்போவில் உச்ச அளவு 241 வாட். ஓவர்கிளாக் செய்தால் அதையும் தாண்டும். கூலர் பெட்டியில் உள்ள வாட் எண்ணும் அப்படித்தான்: எல்லோருக்கும் பொதுவான அளவுமுறை இல்லாததால், ஒருவரின் 200 வாட்டும் இன்னொருவரின் 200 வாட்டும் ஒன்றல்ல.

நிறைய பேர் கவனிக்கத் தவறும் பொறி ஒன்று உண்டு. ப்ராசசர் தன் சூட்டு எல்லையைத் தொட்டதும் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 7000 வரிசையின் உயர்ரக ப்ராசசர்கள் முழுச் சுமையில் 95 டிகிரிவரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. சுமாரான கூலரும் 95 காட்டும், அருமையான கூலரும் 95 காட்டலாம். "இரண்டும் ஒன்றுதான்" என்று முடிவுகட்டாதீர்கள். அந்த 95 டிகிரியில் எது அதிக வேகத்தைத் தாங்கவிட்டது, எது அதிக வாட்டை வெளியேற்றியது என்று பாருங்கள்.

இனி ஃபேன். மிக அதிகமாக அநியாயம் நடப்பது இங்கேதான். விளம்பரத்தில் வரும் சி.எஃப்.எம். எண் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று என்பது), ஃபேனுக்கு முன்னால் எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. தடையை மீறிக் காற்றைத் தள்ளும் வலுவைச் சொல்லும் நிலை அழுத்தம் என்ற எண், காற்றோட்டத்தை முழுவதும் அடைத்துவிட்டு அளந்தது. ஹீட்சிங்கின் தகடுகள்மேல் ஓடும்போது ஃபேன் இந்த இரண்டு நிலைகளிலும் இருப்பதில்லை. நடுவில் எங்கோ இருக்கிறது. தகடுகள் நெருக்கமாக இருந்தால் அழுத்தம் தரும் ஃபேன் வேண்டும். இடைவெளி அகலமாக இருந்தால் மெதுவாகச் சுழலும் ஃபேனே போதும்.

சத்தத்தை விட்டுவிட்டுச் செய்யும் ஒப்பீட்டை நான் ஒப்பீடாகவே ஏற்பதில்லை. ஒரே ஃபேனை நிமிடத்துக்கு 1,000 சுற்றிலிருந்து 2,000 சுற்றுக்கு ஏற்றினால் காற்று இரு மடங்கு, அழுத்தம் நான்கு மடங்கு, அது தின்னும் மின்சாரம் எட்டு மடங்கு. சத்தம் ஏறக்குறைய 15 டெசிபல் கூடும். 10 டெசிபல் கூடினாலே காதுக்கு இரு மடங்காகக் கேட்கும். அப்படிக் கத்தவிட்டுக் கிடைத்த 3 டிகிரி, ஹீட்சிங்கின் பெருமையாகுமா? இரண்டு ஹீட்சிங்கிலும் ஒரே ஃபேனை மாட்டிப் பாருங்கள். முடியாவிட்டால் இரண்டையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவாருங்கள், ஒரே தூரத்திலிருந்து அளந்து.

மாட்டும் விதத்திலும் சில டிகிரி ஒளிந்திருக்கும். அடித்தளத்தில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரிக்க மறப்பது, திருகுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி முறுக்காமல் ஒரு பக்கமாகவே முறுக்குவது, ப்ராசசருக்கும் கூலருக்கும் நடுவே பூசும் தெர்மல் பேஸ்ட்டில் பழையதைத் துடைக்காமல் புதியதைப் பூசுவது: இவை நல்ல கூலரையும் மோசமாகக் காட்டும். ஒவ்வொரு கூலரையும் மூன்று முறை கழற்றி மாட்டிச் சராசரி எடுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் இரண்டு கூலர்களுக்கு இடையே 2 டிகிரிதான் வித்தியாசம் என்றால் வேறு வழியில்லை.

வேறொருவர் வேறு ப்ராசசரில் எடுத்த எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிடாதீர்கள். சிப் சிறியதாக இருந்தால் அதே வாட் வெப்பம் சின்ன இடத்தில் குவிந்து, சூடு அதிகம் காட்டும். சென்சார் சொல்வதும் எப்போதும் நேரடியான சூடு அல்ல. 2017-இல் வந்த ரைசன் 7 1800எக்ஸ், உண்மையான சூட்டோடு 20 டிகிரியைக் கூட்டியே காட்டியது.

லிக்விட் கூலரை ஏர் கூலரோடு ஒப்பிட ஐந்து நிமிடம் போதாது. தண்ணீர் சூடேற நேரமெடுக்கும். அதுவரை அது உண்மையைவிடக் குளிர்ச்சியாகவே தெரியும். அரை மணி நேரமாவது முழுச் சுமையில் ஓடவிட்டு, சூட்டின் வரைகோடு மட்டமான பிறகு எண்ணை எழுதுங்கள். அதையும் கம்ப்யூட்டர் கேஸின் கதவை மூடிவைத்தே செய்யுங்கள். கூலர் நாள்தோறும் சுவாசிக்கப்போவது கிராஃபிக்ஸ் கார்டு சூடாக்கிய அந்தக் காற்றைத்தான்.