மரப்பெரணியை மரமென்று நம்பினால் வரும் தவறுகள்

நீலகிரிச் சோலைகளின் ஓடைக்கரையிலோ, இலங்கையின் ஹோட்டன் சமவெளியிலோ மரப்பெரணியை முதன்முதலில் பார்ப்பவர்கள் அநேகமாகச் சொல்வது, "குட்டித் தென்னை மாதிரி இருக்கே!" அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. சையாத்தியா நீலகிரென்சிஸ் என்று நீலகிரியின் பெயரையே தாங்கி நிற்கும் இனம் உட்பட, இவை எல்லாம் நிமிர்ந்து வளர்ந்த பெரணிகள்தான் (ஃபெர்ன்). தண்டை வெட்டிப் பார்த்தால் மரத்துக்குரிய ஆண்டு வளையம் இருக்காது.

தண்டின் அடிப்பகுதி பருத்துத் தெரிவது மரக்கட்டையால் அல்ல, வெளியே பின்னிக் கிடக்கும் வேர்களால். வீட்டில் வளர்ப்பவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. மரத்துக்கு ஊற்றுவதுபோல் அடியில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். மேலே இருக்கும் வேர் காய்கிறது, இலை நுனி கருகுகிறது. வறண்ட நாட்களில் தண்டு முழுக்க நனையும்படி தெளிக்க வேண்டும். வேரைச் சுரண்டி தண்டைச் "சுத்தம்" செய்வதும் வேண்டாம்.

உயரம் அதிகமாகிவிட்டது என்று தலையை வெட்டுவதைப்போல மோசமான வேலை வேறில்லை. இந்த ஒரு விஷயத்தில் தென்னை ஒப்பீடு சரிதான்: குருத்து போனால் பெரும்பாலான இனங்களில் செடியே போயிற்று. செதில் போர்த்திச் சுருண்டிருக்கும் இளம் இலையைப் பிரித்துப் பார்ப்பது, குருத்துக்குள் உரம் போடுவது, இரண்டுமே கூடாது.

அப்புறம், இலையின் அடிப்பக்கத்துப் பழுப்புப் புள்ளிகள். பூச்சி முட்டை என்று நினைத்து நானே ஒருமுறை மருந்தடித்திருக்கிறேன்! அவை, விதைக்குப் பதிலாகப் பெரணி இனம் பெருக்கும் வித்துத்தூள் (ஸ்போர்) இருக்கும் பைகளின் கொத்துகள். நரம்பை ஒட்டி ஒழுங்காக வரிசைகட்டி இருந்தால் அது பெரணியின் சொந்தச் சரக்கு. தாறுமாறாகச் சிதறியும், நகத்தால் சுரண்டினால் பிசுபிசுத்தும் வந்தால் பூச்சியைச் சந்தேகிக்கலாம்.

இது பூக்காது, காய்க்காது. ஆகவே மரப்பெரணி 'விதை' என்று யாராவது விற்றால் உஷார். முற்றிய இலைத் துண்டைக் காகிதத்தில் வைத்தால் உதிரும் வித்துத்தூளைத்தான் ஈரமான, சுத்தமான நடவுக் கலவையில் தூவி மூடி வைக்க வேண்டும். முதலில் வருவது பாசிபோன்ற பச்சைப் படலம். கெட்டுவிட்டது என்று அதைக் கொட்டிவிடாதீர்கள். அதன் மேல் ஈரம் இருந்தால்தான் ஆணணு நீந்திப் போய்க் கருவுறும், புதுப் பெரணி முளைக்கும். தண்டு எழும்ப வருடங்கள் ஆகும்.

சென்னை வெயிலில் மொட்டைமாடியில் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். குளிர்ந்த மலையும் ஈரக்காற்றும் நிழலும் பழகிய செடி அது.

ஆர்க்கிட் வளர்ப்பவர்களுக்கும் ஒன்று. செடியைக் கட்டிவிட மரப்பெரணித் தண்டுப் பலகையைத் தேடி வாங்குகிறார்கள். காட்டில் நிற்பதை வெட்டாமல் அந்தப் பலகை பெரும்பாலும் கிடைப்பதில்லை. சையாத்தியா இனங்களின் பன்னாட்டு வணிகம், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வணிகத்துக்கான சைட்டீஸ் (CITES) உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. ஊரெல்லாம் தேங்காய் மட்டை கிடக்கிறது, அதிலேயே கட்டுங்கள்.