ஏறாமல் இறங்குகிறவர்கள்: ஆல்ப்ஸ் மலைத் தடங்களில் சைக்கிள் ஓட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சுவிட்சர்லாந்தின் கிராவ்பூண்டன் மாநிலத்தில் இருக்கும் டாவோஸ் நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,560 மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கிறது. அங்கே கேபிள் காரில் சைக்கிளை ஏற்றிக்கொண்டால், அரை மணி நேரத்துக்குள் 2,590 மீட்டர் உயர யாகோப்ஸ்ஹார்ன் உச்சியில் இறக்கிவிடுகிறார்கள். அங்கிருந்து செர்டிக் பள்ளத்தாக்கு, மோன்ஷ்டைன் கிராமம் வழியாக ஃபிலிசூர் வரை சுமார் 40 கிலோமீட்டர் நீளும் தடத்துக்கு ஆல்ப்ஸ் எபிக் ட்ரெயில் என்று பெயர். உச்சியில் கல்லும் புல்லும், நடுவில் லார்ச் மரங்கள், அடியில் இருட்டான ஸ்புரூஸ் காடு. சூரிச்சிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் போய்விடலாம் என்பதால், வாரக் கடைசிகளில் தமிழ்க் குரல்களையும் இப்போது அந்த கேபிள் காரில் கேட்கிறேன். மகிழ்ச்சியாக இருக்கிறது. கூடவே கொஞ்சம் கவலையும்.

கவலைக்குக் காரணம், இந்த மலைகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான்: ஏறாமலேயே மேலே போய்விடுகிறோம். மிதித்து ஏறியிருந்தால் காற்று எந்த இடத்தில் குளிரத் தொடங்குகிறது, எந்த வளைவில் வேர்கள் இன்னும் காயவில்லை, எந்த மேய்ச்சல் நிலத்தில் மாடுகள் நிற்கின்றன என்பதையெல்லாம் மூச்சு வாங்க வாங்கத் தெரிந்துகொண்டிருப்போம். கேபிள் கார் அந்தப் பாடத்தைக் கத்தரித்துவிடுகிறது. மலையைப் பற்றி ஒன்றும் தெரியாமல், கால் வலி இல்லாத உற்சாகத்தோடு இறக்கத்தின் தலைப்பில் நிற்கிறோம்.

உடையில் தொடங்குவோம். ஆயிரம் மீட்டர் உயரம் கூடினால் வெப்பம் சுமார் ஆறு டிகிரி குறையும். டாவோஸில் அரைக்கைச் சட்டை போதும் என்று தோன்றும் காலையில், உச்சியில் காற்றடித்தால் விரல்கள் விறைத்துவிடும். விறைத்த விரலால் பிரேக்கை அளவாகப் பிடிக்க முடியாது, ஆபத்து அங்கேதான் இருக்கிறது. மழைச் சட்டையும் முழு விரல் கையுறையும் கோடையிலும் பையில் இருக்க வேண்டும். கோடையில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். மரமில்லாத மேட்டில் மின்னலுக்கு அகப்படாமலிருக்க ஒரே வழி, காலையின் முதல் கேபிள் காரிலேயே ஏறிவிடுவதுதான். ஜூன் மாதத்தில் வடக்கு நோக்கிய சரிவுகளில் பனி இன்னும் கிடக்கலாம் என்பதையும் கிளம்புவதற்கு முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். இதில்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் இதை நானே அனுபவித்திருக்கிறேன். நீண்ட இறக்கம் ஒன்றில், பயத்தால் பின் பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வந்தேன். பத்து நிமிடம் கழித்துக் கருகிய வாடை வந்தது. அதற்கடுத்த வளைவில் நெம்புகோலை அழுத்தினால் அது கைப்பிடியோடு வந்து ஒட்டிக்கொண்டது, வண்டி நிற்கவில்லை. மேட்டுப்பக்கப் புதரில் சாய்ந்து விழுந்ததால் சிராய்ப்போடு தப்பினேன். விடாமல் உரசும் டிஸ்க், அதாவது சக்கரத்தோடு சுழலும் பிரேக் தட்டு, ஆறுவதற்கு நேரமே கிடைப்பதில்லை. சூடு அதைக் கவ்விப் பிடிக்கும் பேடுகளுக்கும் பிறகு பிரேக்குக்குள் இருக்கும் எண்ணெய்க்கும் ஏறி, பிடிப்பு போய்விடுகிறது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துச் சற்று அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், பிறகு முழுவதுமாக விடுங்கள். மீண்டும் பிடியுங்கள், விடுங்கள். வளைவுக்கு முன்னால் நேரான இடத்திலேயே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். ஐந்நூறு மீட்டர் இறங்கியதும் ஒருமுறை நின்று தண்ணீர் குடியுங்கள், டிஸ்க்கும் ஆறும். அது ஆறிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், தோல் உரிந்துவிடும். பேடுகளில் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதல் நாள் இரவே பார்த்துவிடுங்கள். உச்சியில் பார்த்து என்ன செய்வது?

மர எல்லைக்கு, அதாவது மரங்கள் வளரும் உச்ச உயரத்துக்கு, கீழே வந்ததும் வேர்கள் தொடங்கும். ஸ்புரூஸ் மரத்தின் வேர் மண்ணுக்குள் ஆழமாகப் போகாமல் மேலாகவே பரவும். மிதிபட்டுப் பட்டை உரிந்த வேர் மழைக்குப் பிறகு எண்ணெய் தடவிய குழாய்போல மின்னும். அதன்மேல் சக்கரம் சாய்வாக ஏறினால், வேர் போகும் திசையிலேயே வழுக்கிப் போகும். முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். கடக்கும் அந்த ஒரு நொடி பிரேக்கைத் தொடவே கூடாது. முன் சக்கரம் ஏறும்போது கை தளர்வாகவும், பின் சக்கரம் ஏறும்போது முழங்கால் மடங்கியும் இருந்தால் வண்டி தானாகக் கடந்துவிடும். டயரில் காற்றைக் கல்போல இறுக்கி அடித்துக்கொண்டு வருகிறவர்கள் இங்கேதான் துள்ளி விழுகிறார்கள். ஒன்றரையிலிருந்து இரண்டு பார் (காற்றழுத்த அலகு) அழுத்தத்துக்குள், உங்கள் எடைக்கும் டயருக்கும் ஏற்றபடி வைத்துப் பாருங்கள்.

பின் சக்கரத்தைப் பூட்டி, புழுதி கிளப்பித் திரும்புவதைத் திறமை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அதைப் பார்த்தாலே மனம் கசந்துவிடும். அப்படி ஒரு முறை உழுத கோட்டில் அடுத்த மழையின் நீர் இறங்குகிறது. பத்துப் பேர் உழுதால் அது வாய்க்கால். மர எல்லைக்கு மேலே வளர்பருவம் சில மாதங்கள்தான், அங்கே பெயர்ந்த புல் மீண்டும் முளைக்கப் பல ஆண்டுகள் ஆகும். தடத்துக்குக் குறுக்கே சாய்வாகப் பதித்திருக்கும் மரக்கட்டைகளையும் கல்வரிசைகளையும் தாவிப் பழகும் தடைகள் என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரைத் தடத்திலிருந்து வெளியேற்ற யாரோ குனிந்து, வெட்டி, பதித்தவை அவை. அவற்றைச் சுற்றிக்கொண்டு ஓரத்துப் புல்லில் ஓட்டினால் தடம் அகன்றுகொண்டே போகும்.

தடத்தின் கடினத்தைக் குறிக்க எஸ்0 முதல் எஸ்5 வரை ஒரு அளவுகோல் இருக்கிறது. எஸ்2-இல் பெரிய வேர்களும் படிகளும் வரும். எஸ்3-இல் நெருங்கிய கொண்டையூசி வளைவுகளும் பாறைகளும் சேர்ந்துகொள்ளும். சைக்கிளுக்கென்றே செதுக்கிச் செய்த பைக் பார்க்கில் சிவப்புக் குறியிட்ட, நடுத்தரக் கடினமுள்ள தடத்தை எளிதாக ஓட்டியவர், இயற்கையான மலைப்பாதையின் சிவப்பையும் அப்படியே ஓட்டலாம் என்று நம்பி வருவது வழக்கமான தவறு. வண்டியை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடப்பதில் எந்த அவமானமும் இல்லை.

இனி விலங்குகள். நகரத்திலிருந்து வருகிறவர்களுக்கு முற்றிலும் தெரியாத பகுதி இதுதான். கோடையில் இந்தப் புல்வெளிகள் மேய்ச்சல் நிலங்கள். தடம் மின்வேலியைக் கடக்கும் இடத்தில் பிளாஸ்டிக் கைப்பிடி வைத்த கம்பி ஒன்று குறுக்கே இருக்கும். பிளாஸ்டிக்கை மட்டும் பிடித்துக் கொக்கியைக் கழற்றி, வண்டியை நகர்த்திவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும். திறந்துவிட்டுப் போனால் மேய்ப்பர் அன்று மாலை முழுவதும் மலையெங்கும் மாடு தேடுவார். கன்றோடு நிற்கும் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

ஓநாய்கள் திரும்பிய பிறகு இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. 2012-இல் ஹூர் நகருக்கு அருகே கலாண்டா மலையில், சுவிஸில் நெடுங்காலத்துக்குப் பிறகு முதல் ஓநாய்க் கூட்டம் குட்டி போட்டது. அதிலிருந்து கூட்டங்கள் பெருகின, ஆட்டு மந்தைகளோடு காவல் நாய்களும் பெருகின. ஒரு ஜூலை மாதம் புல்சரிவு ஒன்றில் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தேன். இருபதடி தள்ளி வெள்ளைப் பாறை என்று நான் நினைத்த ஒன்று எழுந்து நின்றது. குரைத்துக்கொண்டே வந்து தடத்தை மறித்தது. அந்த நாயின் கண்ணுக்கு, மந்தையை நோக்கிப் பாய்ந்து வரும் எதுவும் பகைதான். வேகத்தைக் கூட்டித் தப்பிக்கப் பார்ப்பது மிகப் பெரிய தவறு. நின்றுவிடுங்கள், இறங்குங்கள், வண்டியை உங்களுக்கும் நாய்க்கும் நடுவே வையுங்கள். கண்ணோடு கண் பார்க்க வேண்டாம், குச்சியை ஓங்க வேண்டாம். அது மோப்பம் பிடித்து, குரைத்து, அமைதியானதும் மந்தையைச் சுற்றிக்கொண்டு மெல்ல நடந்து போங்கள். எனக்கு அது ஐந்து நிமிடம் எடுத்துக்கொண்டது. காவல் நாய்கள் இருக்கும் இடங்களில் அறிவிப்புப் பலகை வைத்திருப்பார்கள், கேபிள் காரில் மேலே போனவர் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்தப் பலகையைப் பார்த்திருக்க மாட்டார்.

சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. கிராவ்பூண்டனில், தடை என்று பலகை இல்லாத நடைபாதைகளில் பொதுவாகச் சைக்கிள் ஓட்டலாம், நடப்பவருக்கே முன்னுரிமை. இந்தப் பெருந்தன்மையை எல்லா இடத்துக்கும் உரியது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதே மாநிலத்தில் 1914-இல் அமைந்த சுவிஸ் தேசியப் பூங்காவின் பாதைகளில் சைக்கிளுக்கு இடமில்லை. எல்லை தாண்டி ஆஸ்திரியாவுக்குப் போனால் 1975-ஆம் ஆண்டு வனச்சட்டப்படி காட்டில் நடக்கலாம், நில உரிமையாளர் அனுமதிக்காத பாதையில் சைக்கிள் ஓட்டக் கூடாது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இரண்டு மீட்டருக்குக் குறைவான அகலமுள்ள காட்டுப் பாதைகளில் பொதுவாகத் தடை. சைக்கிளுக்கு ஒரு மணி வாங்கிப் பொருத்துங்கள். நடப்பவருக்குத் தொலைவிலேயே ஒலித்து, வேகத்தைக் குறைத்து, வணக்கம் சொல்லிக் கடந்து போங்கள்.

விழுந்துவிட்டால்? சுவிஸ் வான்வழி மீட்புச் சேவையான ரெகாவின் எண் 1414. அதன் செயலி உங்கள் இருப்பிடத்தையும் சேர்த்து அனுப்பும். ஹெலிகாப்டர் மேலே வந்ததும் இரு கைகளையும் வி வடிவில் உயர்த்தினால் உதவி தேவை என்று பொருள். ஒரு கை மேலும் ஒரு கை கீழுமாகச் சாய்த்தால் தேவையில்லை. உற்சாகமாக இரு கைகளையும் ஆட்டி விடைகொடுத்தால் அவர்கள் இறங்கத் தொடங்கிவிடுவார்கள். மூடுபனியில் ஹெலிகாப்டர் பறக்க முடியாமல் போகலாம், ஆகவே தனியாகப் போவதைத் தவிர்த்துவிடுங்கள்.

நான் பார்த்த விழுதல்களில் பாதிக்கு மேல் கடைசி மணி நேரத்தில் நடந்தவை. இறக்கம்தானே என்று சாப்பாடு கொண்டுவராதவர்கள், இடையில் வரும் ஏற்றங்களில் களைத்துப்போகிறார்கள். முன்கைகள் கல்லாக இறுகிவிடுகின்றன. அப்போது ஃபிலிசூரில் ரயிலைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரமும் சேர்ந்துகொள்கிறது. டாவோஸுக்கு மணிக்கு ஒரு ரயில் இருக்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் நிலையத்தில் உட்கார்ந்து வண்டியின் சேற்றைத் தட்டிவிடலாம், சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுத்துக்கொள்ளலாம். அடுத்த ரயிலும் 1909-இல் கட்டி முடித்த அதே வீசன் பாலத்தின் மேல்தான் போகும், ஜன்னலுக்கு 88 மீட்டர் கீழே லாண்ட்வாசர் ஆறு ஓடிக்கொண்டிருக்கும்.