அடிக்கடி அணைந்துபோகும் வீட்டுக் கணினி: பழுதைக் கண்டுபிடித்து மீண்டும் பூட்டும் முறை

செங்கோட்டையில் ஜூன் பிறந்துவிட்டால் ஆரியங்காவுக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலும் வந்துவிடும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. அப்படியொரு சாரல் காலத்தில்தான் எங்கள் வீட்டுக் கணினி தானாக அணைந்து தானாக எழ ஆரம்பித்தது. புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டிக் கேரளத்துக்குப் போகும் லாரிகளின் வாடகைக் கணக்கு முழுவதும் அதில்தான் இருக்கிறது. மாலையில் மகளின் பாடமும் அதில்தான். ஈரம்தான் காரணம் என்று பார்த்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். விண்டோஸை இரண்டு முறை புதிதாக நிறுவினேன். புதிய ராம் (கணினியின் தற்காலிக நினைவகம்) ஒன்று வாங்கிப் போட்டேன். அப்போதும் அணைந்தது. ஆகவே பழைய ராமில் கோளாறு இல்லை என்று முடிவு கட்டி, அதையே திரும்ப மாட்டினேன்.

அந்த முடிவுதான் என்னை ஏழு வாரம் அலைய வைத்தது. கணினியில் இருந்தது இரண்டு பழுதுகள். ஒன்றைச் சரிசெய்தாலும் மற்றொன்று அதை அணைத்துக்கொண்டே இருந்தது; நான் சரியான இடத்தில் கைவைத்தும் தவறு என்று நினைத்துவிட்டேன். புதிதாகப் பழுதுபார்க்க இறங்குபவர்கள் இந்தக் குழியில் விழக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன்: தரவும் நோட்டுப் புத்தகமும்

ஸ்க்ரூடிரைவரைத் தொடுவதற்கு முன்பு முக்கியமான கோப்புகளை வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் படியெடுத்துவிடுங்கள். தடுமாறும் கணினி எழுதும் கோப்பும் கெட்டுப்போகலாம். அதனால் படியெடுத்தவற்றை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

பிறகு ஒரு நாற்பது பக்க நோட்டு. ஒவ்வொரு முறை அணையும்போதும் தேதி, மணி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், நீலத் திரை (விண்டோஸ் நிலைகுலையும்போது காட்டும் பிழைத் திரை) வந்ததா, வந்தால் அதில் இருந்த பிழைச் சொல் என்ன, வீட்டில் அப்போது வேறு என்ன ஓடியது என்று எழுதுங்கள். என் நோட்டில் பதினோரு பதிவு சேர்ந்தபோது மகள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “அப்பா, இதில் ஆறு தடவை அம்மா மோட்டார் போட்ட நேரம்.” பழுதுபார்க்கும் கடையில் கொடுத்தபோது இரண்டு நாள் ஓடவிட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை என்று திருப்பித் தந்ததன் காரணம் அப்போதுதான் புரிந்தது. கடையில் தண்ணீர் மோட்டார் இல்லை.

நோட்டை எப்படிப் படிப்பது

நீலத் திரையே வராமல், விளக்கு அணைந்ததுபோல் சட்டென்று அணைந்தால் பெரும்பாலும் மின்சாரப் பக்கம் பாருங்கள். நீலத் திரை வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு பிழை காட்டினால் ராம் மீது சந்தேகப்படுங்கள். ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால் டிரைவர், அதாவது பாகங்களை இயக்கும் மென்பொருளாக இருக்கலாம். அரைமணி நேரம் ஓடிய பிறகு மட்டும் உறைந்து நின்றால் சூடு. இவை உறுதியான விதிகள் அல்ல, எங்கிருந்து தொடங்குவது என்பதற்கான வழிகாட்டிகள்.

விண்டோஸின் நிகழ்வுப் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரைத் திறந்தால் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவு இருக்கும். பவர் என்ற சொல்லைப் பார்த்தவுடன் மின்சாரக் கோளாறு என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். கணினி முறையாக மூடப்படாமல் அணைந்தது என்பதை மட்டுமே அது சொல்கிறது. ஏன் என்பதைச் சொல்வதில்லை.

என் பதினோரு பதிவில் ஆறு சட்டென்று அணைந்தவை. ஐந்து நீலத் திரை. ஐந்திலும் பெரிய கணக்குக் கோப்பு திறந்திருந்தது, பிழைச் சொற்கள் வேறு வேறு. இரண்டு குவியல் என்றால் இரண்டு காரணம் இருக்கலாம்.

சுவரிலிருந்து தொடங்குங்கள்

பிளக் சாக்கெட்டில் ஆடுகிறதா, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டால் கை சுரீரென்கிறதா என்று பாருங்கள். சுரீரென்றால் எர்த் சரியில்லை. அதை மின்பணியாளரைக் கொண்டு பாருங்கள், நீங்களாகச் சுவர்ப் பெட்டியைத் திறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் எர்த் கம்பி பச்சை பூத்துத் திருகில் ஒட்டாமல் நின்றது. அதைச் சுரண்டி இறுக்கியதும் சுரீர் நின்றது. ஆனால் அணைவது நிற்கவில்லை.

இங்கே என் மனதில் ஒரு கேள்வி நெடுநாள் உறுத்தியது. யூ.பி.எஸ். (மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் பெட்டி) இருக்கும்போது மோட்டார் போட்டால் கணினி ஏன் அணைய வேண்டும்? மோட்டார் கிளம்பும் கணத்தில் வீட்டு மின்னழுத்தம் சரியும். வீடுகளில் இருக்கும் சாதாரண யூ.பி.எஸ்., மின்னழுத்தம் சரிந்ததை உணர்ந்து பேட்டரிக்கு மாறச் சில மில்லி விநாடிகள் எடுத்துக்கொள்ளும், பத்து வரைகூட ஆகலாம். அந்த இடைவெளியைக் கணினியின் எஸ்.எம்.பி.எஸ். (சுவர் மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றதாக மாற்றித் தரும் பெட்டி) தன் கெப்பாசிட்டர்களில் சேமித்த மின்சாரத்தால் தாண்ட வேண்டும். நல்ல எஸ்.எம்.பி.எஸ். ஏறத்தாழ 16 மில்லி விநாடி தாங்கும். ஆண்டுகள் போகப் போகக் கெப்பாசிட்டர் காய்ந்து அந்தத் தாங்குசக்தி குறைகிறது. ஆக, யூ.பி.எஸ். தன் வேலையைச் சரியாகச் செய்தும், ஒன்பது ஆண்டு ஓடிய எங்கள் எஸ்.எம்.பி.எஸ். அதற்காகக் காத்திருக்க முடியாமல் விழுந்தது.

மல்டிமீட்டர் இருந்தால் ஓடும் கணினியில், உதிரியாகத் தொங்கும் நான்கு முள் இணைப்பில் மஞ்சள் கம்பிக்கும் கறுப்புக் கம்பிக்கும் இடையே அளக்கலாம். 12 வோல்ட் வர வேண்டும், 11.4க்கும் 12.6க்கும் இடையே இருந்தால் ஏற்கலாம். மீட்டர் முனைகள் ஒன்றையொன்று தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுடையது சும்மா இருந்தபோது 11.7, வேலை கொடுத்தவுடன் 11.2. மாற்றிவிட்டோம். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

இன்னொன்று. கழற்றி மாட்டும் கேபிள்கள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். வாங்கினால் பழைய கேபிள்களை அதில் செருகாதீர்கள். முனை பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் உள்ளே கம்பிகளின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். ஹார்ட் டிஸ்க் கருகிவிடும்.

ராம் சோதனை

மெம்டெஸ்ட்86+ என்ற இலவச மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் துவக்குங்கள். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் கணினியின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்.எம்.பி. போன்ற ராம் வேகக்கூட்டல் இருந்தால் முதலில் அணைத்துவிடுங்கள். இரவு முழுவதும் ஓடட்டும். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் தோல்விதான், “ஒன்றுதானே” என்று விடக்கூடாது.

பிழை வந்தால் ராம் துண்டுகளைக் கழற்றி, ஒவ்வொன்றாக ஒரே துளையில் போட்டுச் சோதியுங்கள். பிறகு நல்ல துண்டை மற்றத் துளைகளில் போட்டுப் பாருங்கள். துண்டா, துளையா என்பது இப்படித்தான் தெரியும். என் இரண்டு துண்டுகளில் ஒன்று மூன்றாவது சுற்றில் பிழை காட்டியது. பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தியிருந்தால் தப்பியிருக்கும்.

கழற்றி மீண்டும் பூட்டுதல்

பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திவிட்டுத் தொடங்குங்கள். ஒவ்வொரு கேபிளையும் கழற்றும் முன் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ப்ராசஸரின் சூட்டை வாங்கும் உலோகமான ஹீட்சிங்கை நேராக இழுக்காதீர்கள். இரண்டுக்கும் இடையில் சூட்டைக் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் ப்ராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுமுன் இடவலமாக மெல்லத் திருகி எடுங்கள். பழைய பேஸ்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்துவிட்டு, ப்ராசஸரின் நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதிதாக வையுங்கள். அது போதும்.

உடனே கேபினட்டுக்குள் பூட்ட வேண்டாம். மதர்போர்டை (பாகங்கள் எல்லாம் செருகும் பலகை) அட்டைப்பெட்டி மேல் வைத்து, ப்ராசஸர், ஹீட்சிங்க் விசிறி, ஒரே ஒரு ராம், எஸ்.எம்.பி.எஸ்., திரை ஆகியவற்றோடு மட்டும் துவக்குங்கள். (ப்ராசஸரிலேயே திரை வசதி இல்லையென்றால் கிராபிக்ஸ் கார்டும் வேண்டும்.) இது நன்றாக ஓடினால் ஒவ்வொன்றாகச் சேருங்கள், சேர்க்கும் ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி, அது அரைநாளாவது ஓடிய பிறகு அடுத்ததற்குப் போங்கள். பொறுமை போகும் இடம் இதுதான். ஒரே மாலையில் நான்கு பாகம் சேர்த்துவிட்டால் அடுத்த கோளாறுக்கு யார் காரணம் என்று மறுபடி தெரியாமல் போய்விடும்.

கேபினட்டில் பூட்டும்போது, மதர்போர்டின் திருகுத் துளை இல்லாத இடத்தில் பித்தளைத் தாங்கி ஏதேனும் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் பின்பக்கம் பட்டு ஷார்ட் ஆகும்.

கடைசிச் சோதனை

எல்லாம் பூட்டியபின் மெம்டெஸ்டை மறுபடி ஓரிரவு ஓடவிட்டேன். காலையில் பிழை எண்ணிக்கை சுழியம். பிறகு பெரிய கணக்குக் கோப்பைத் திறந்து வைத்துவிட்டு மகளிடம் மோட்டாரைப் போடச் சொன்னேன். போட்டாள், நிறுத்தினாள், மீண்டும் போட்டாள். இருபது தடவை. யூ.பி.எஸ். ஒவ்வொரு தடவையும் ‘டிக்’ என்றது, திரை அசையவில்லை.

கெட்ட ராம் துண்டிலும் பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் பிளாஸ்திரி ஒட்டி, பெரிய எழுத்தில் ‘பழுது’ என்று எழுதி, மின்னணுக் கழிவாகக் கொடுப்பதற்குத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். நல்ல உதிரிகள் இருக்கும் பெட்டியில் அவற்றைப் போடாதீர்கள்.